அழைக்காத அத்தை – 14: காலடி மண்

ராஜா மகளுக்குப் பேர் வைக்கிற விழாவில், அழைப்பில்லாமல் வந்து சாபம் விட்டுப் போன சூனியக்காரியின் கதை உங்களுக்குத் தெரியும். ராஜா வீட்டு ஆட்கள் சொன்ன கதை அது. ஊரையே கூப்பிட்டவர்கள் அவளை மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால், "பேசாம தூங்கு" என்று முதுகில் தட்டிவிடுவார்கள்.

பாகூர் குமரவேல் வீட்டில் அந்தச் சூனியக்காரிக்கு அமுதம் என்று பெயர். குமரவேலின் கூடப்பிறந்த தங்கை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் தன் மகள் வெண்ணிலாவுக்குப் பேர் வைத்தபோது, புருஷனை விட்டு வந்தவள் என்று தங்கைக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. குழந்தையின் காதில் அத்தைதான் பேரைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. முறை என்னுடையது, இவர்கள் யார் தடுக்க என்று அமுதம் கூப்பிடாமலே வந்தாள். பித்தளைச் சொம்பு ஒன்றைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தையின் காதில் ஏதோ சொன்னாள். வந்த வழியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அவ்வளவுதான். அப்புறம் போர்க் கிணறு வற்றினாலும் அமுதம்தான், கரும்பு சாய்ந்தாலும் அமுதம்தான்.

இப்போது அந்த வெண்ணிலா பதினோரு நாளாகப் படுத்த படுக்கை. கண்ணைத் திறக்கவில்லை, பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். குறையில்லை என்றால் பின்னே என்ன? அமுதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒதியம்பட்டில் அமுதம் கதவைத் திறந்தபோது, வாசற்படிக்குக் கீழே ஒருத்தி குனிந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் துணி. நிமிர்ந்தாள். குமரவேலின் மனைவி மஞ்சுளா.

இருபது வருஷத்தில் இந்த வாசலுக்கு மஞ்சுளா வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் திருட.

"இன்னா அண்ணி, எதனா தொலைச்சிட்டியா?" என்றாள் அமுதம்.

மஞ்சுளாவுக்கு முகம் வெளுத்தது. மறைக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "குறி சொல்றவர்கிட்ட போனோம். வாக்கு வுட்டவ காலடி மண்ணு, உப்பு, மொளகா சேத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போடணும்னாரு. உங்க அண்ணன்தான் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"எவ்ளோ?"

"இன்னா எவ்ளோ?"

"மண்ணுதான். ஒரு பிடி இன்னாத்துக்கு ஆவும்? இருவது வருஷத்து சாபமாச்சே."

அமுதம் உள்ளே போய் மண்வெட்டியும் காலி சிமெண்டு சாக்கும் எடுத்து வந்தாள். வாசலை வெட்டி வெட்டிச் சாக்கில் போட்டாள். மஞ்சுளா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் நிறுத்தவில்லை. முக்கால் சாக்கு நிறைந்தபோது நிமிர்ந்து மூச்சு வாங்கினாள்.

"இதுல நான் மட்டும் நடக்கல அண்ணி. பால்காரரு நடக்கறாரு, கேஸ் சிலிண்டர் போடறவரு நடக்கறாரு. அவங்க சாபமும் சேந்து வந்துடப் போவுது, பாத்து சுத்துங்க."

மஞ்சுளா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் நாலரை மணிக்கு நிச்சயதார்த்தம் என்றாள். மாப்பிள்ளை தமிழ்க்குமரன் பாரீஸில் இருக்கிறான், பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணத்துக்குத்தான் வருவான், இன்றைக்கு அவன் அம்மாவும் பெரியப்பாவும் தட்டு மாற்றிக்கொள்ள வருகிறார்கள். பெண் கண் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நிச்சயம் நடந்தாக வேண்டும் என்று குமரவேல் பிடிவாதமாக நிற்கிறார்.

"இப்ப நீ வந்து எதனா சொன்னாத்தான் உண்டு அமுதம்" என்று சொல்லிவிட்டு, மஞ்சுளா மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். துணியில் ஒரு பிடி மண்கூட இல்லை. அதை அமுதம் அப்போது கவனிக்கவில்லை.

அவள் வேறு ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வில்லியனூரில் அவளுக்குப் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது அதே கடையில் பாத்திரம் தேய்த்தவள், இன்றைக்கு அதற்கு முதலாளி. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் எல்லாக் கல்யாணத்துக்கும் அவள் அண்டா போகும். நேற்று மதியம் பாகூர் வாடகைப் பாத்திரக் கடைக்காரர் இன்னாசிமுத்து வந்து, எனக்குப் பாத்திரம் பத்தவில்லை, ஒரு நிச்சயதார்த்த ஆர்டர் இருக்கிறது என்று மூன்று அண்டாவும் இரண்டு தவலையும் ஒரு அன்னக்கூடையும் வாங்கிப் போனார். யார் வீட்டுக்கு என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆக, தனக்கு முன்னாலேயே தன் அண்டாக்கள் பிறந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அமுதத்துக்குச் சிரிப்பு வந்தது.

தன் குட்டியானைச் சரக்கு வண்டியில் மண் சாக்கை ஏற்றினாள். பட்டுப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள். கூப்பிடாத வீட்டுக்கு அழுக்குப் புடவையில் போவானேன்? ஒரு சின்ன டப்பாவில் கற்பூரமும் எடுத்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அந்த வீட்டு நடுக்கூடத்தில், எல்லோரும் பார்க்க, கற்பூரத்தைக் கையால் அணைத்து, "நான் எந்தச் சாபமும் விடவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம் பிறந்த வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் அதற்கே விடமாட்டேன் என்கிறார்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் குமரவேல் வீட்டுப் பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றது. வேட்டியும் மடித்துவிட்ட சட்டையுமாகப் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த குமரவேல், ஓட்டுகிற இடத்திலிருந்து தங்கை இறங்குவதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"யாரு கூப்ட்டா ஒன்ன?"

"நீ கூப்புடலண்ணா. என் அண்டா கூப்டுச்சு."

"இன்னா ஒளர்ற?"

அமுதம் நேராக அடுப்படிக்குப் போனாள். மூன்று அண்டாவிலும் காதுக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'அமுதம், வில்லியனூர்' என்று வெட்டியிருந்தது. கொதிக்கிற சாம்பார் அண்டாவைக் கரண்டியால் தட்டிக் காட்டினாள்.

"இன்னாசிமுத்து அண்ணன் என்கிட்டதான் வாங்கியாந்தாரு. எனக்கு எடம் இல்லாத வூட்டுல என் அண்டாவுக்கு மட்டும் இன்னா வேல? வண்டில ஏத்திட்டுப் போயிடறன்."

சமையல்காரர் பதறிப்போனார். "யம்மா, பருப்பு இப்பதாம்மா வெந்துக்கினு இருக்குது! இருநூறு பேரு சாப்புடணும்!"

"பருப்போடவே ஏத்திக்கிறன், எனக்கு ஒண்ணும் இல்ல."

குமரவேலுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதை அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து அவருக்கு வேறு கவலை. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "உங்க தங்கச்சி எதோ சாபம் வுட்டுதாமே?" என்று கேட்டிருந்தாள். யார் சொன்னது என்று தேடினால், ஊர் பூராவும் சொன்னது அவரேதான். அதற்கு இப்போது அவரே மருந்தும் தேட வேண்டும்.

பந்தலின் ஓரத்துக்குத் தங்கையைத் தள்ளிக்கொண்டு போனார். "நான் சொல்றதக் கேளு. அவங்க வந்ததும் கூடத்துல கற்பூரத்த அணைச்சி, 'நான் சாபம் வுடல'ன்னு சத்தியம் பண்ணிடு. பண்ணிட்டன்னா மொத பந்தில ஒன்ன ஒக்கார வெக்கறன். கல்யாணத்துக்குப் பத்திரிகைல ஒம் பேரப் போடறன். அத்த மொறைல கல்யாண வெளக்கும் நீயே புடி."

அமுதம் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். தான் கேட்க வந்ததை அண்ணன் தானாகவே தருகிறார். பொய்ச் சத்தியமும் இல்லை. நிஜமாகவே அவள் சாபம் விடவில்லையே.

"செய்றண்ணா" என்றாள். குரல் இளகியிருந்தது. "மொதல்ல கொழந்தைய ஒரு தடவ பாக்கறன். தனியா."

உள் அறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணிலா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு. அமுதம் அதை எடுத்துப் பார்த்தாள். பித்தளை. வயிற்றில் புள்ளி வைத்து 'வெண்ணிலா' என்று வெட்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் தான் கொண்டுவந்த சொம்பு. கிணற்றில் எறிந்துவிட்டதாக அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். யாரோ எறியாமல் வைத்திருந்திருக்கிறார்கள், தேய்த்துப் பளபளவென்று.

அமுதம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆம்பளைங்க யாரும் இல்ல. கண்ணத் தொற."

ஒரு கண் திறந்தது. அப்புறம் இன்னொன்று.

"அத்தையா?" என்றாள் வெண்ணிலா மெதுவாக. "போட்டோல இன்னும் ஒல்லியா இருந்த."

"இருவது வருஷமாச்சில்ல. நீ இன்னா, பதினோரு நாளா நடிக்கிறியா?"

"நடிக்கல. மொத நாளு வேணாம்னன். ரெண்டாவது நாளும் வேணாம்னன். மூணாவது நாளு படுத்துட்டன். கண்ண மூடிக்கிட்டா ஒண்ணு நல்லது அத்த, எல்லாரும் நம்ம பக்கத்துல நின்னே பேசறாங்க. மண்டபத்துக்குத் தேதி வாங்கனது, எம் பாஸ்போர்ட்ட தட்டுல வெச்சிக் குடுக்கச் சொன்னது, எல்லாம் கேட்டன்."

"ஏன் வேணாங்கற? பையன் சரியில்லையா?"

"காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்காங்க. படிப்புன்னா அங்க போய்ப் படின்றாங்க. பயம்மா இருக்குதுன்னா பழகிடும்ன்றாங்க. வேணாம்னா வேணாம், அவ்ளோதான். அதுக்குப் பதிலே இல்ல, அதனால யாரும் காதுலயே வாங்கல."

பெண் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலருந்து கேக்கணும்னு இருக்கன். எங்காதுல இன்னா சொன்ன?"

"பேரச் சொன்னன். மூணு தடவ."

"அப்பறம்?"

"'தூங்காதடி'ன்னு சொன்னன்."

வெண்ணிலா புரியாமல் பார்த்தாள்.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. நாளெல்லாம் நாத்து நட்டுட்டு வந்து அசந்து தூங்கிட்டன். எழுந்து பாத்தா கூடத்துல வெத்தல பாக்கு எறஞ்சி கெடக்குது. எனக்குத்தான் தட்டு மாத்தியிருக்காங்க. ஏன் சொல்லலன்னு எங்க அண்ணன கேட்டா, 'நீ தூங்கிக்கினு இருந்த, எழுப்ப வேணாம்னு வுட்டோம்'ன்னாரு. எட்டு மாசம் அந்த வூட்டுல அடி வாங்கினன்." அமுதம் சொம்பைத் தலைமாட்டில் திரும்ப வைத்தாள். "நீயாவது முழிச்சிக்கினு இருக்கட்டும்னுதான் சொன்னன். அத சாபம்னாங்க."

வெண்ணிலா அந்தச் சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு என்னத் தூக்கிக்கினு போய் ஒக்கார வெப்பாங்க அத்த. படுத்தா தூங்கறன்றாங்க, எழுந்தா சரின்னுட்டான்றாங்க. எனக்கு இனிமே இன்னா பண்றதுன்னு தெரில."

அத்தையிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமுதம் வீம்புக்காவது மறுத்திருப்பாள். இப்போது மறுப்பதற்கு எதுவும் இல்லாமல் அறையை விட்டு வெளியே வந்தாள்.

நாலரை மணிக்கு இரண்டு காரில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடம் நிறைந்தது. பட்டுக் கட்டிய வெண்ணிலாவை இரண்டு பெண்கள் இரு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து பாயில் உட்கார்த்தினார்கள். கண் மூடியே இருந்தது. மஞ்சுளா தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் அடுக்கி, அதற்கு மேல் மஞ்சள் தடவிய பாஸ்போர்ட்டை வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "சம்மந்தி, எங்க பையன் கான்சலேட்ல பேப்பர்லாம் ரெடி பண்ணிட்டான். பாஸ்போர்ட்ட இன்னிக்கே குடுத்துடுங்க. அதுக்கு முன்ன அந்த சாப விஷயம். நான் இதெல்லாம் நம்பறவ இல்ல. இருந்தாலும் மனசுல ஒரு இது."

"அதுக்குத்தாங்க எந்தங்கச்சியே வந்திருக்கா" என்றார் குமரவேல், இருபது வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவர் மாதிரி. வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி அமுதத்தின் முன்னால் நீட்டினார். "அணைம்மா. அணைச்சிட்டு சொல்லு."

அமுதம் கற்பூரத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கி அமுக்கினால் போதும். முதல் பந்தி, பத்திரிகையில் பேர், கல்யாண விளக்கு. இனி எந்தத் தெருவிலும் யாரும் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் மறைக்க மாட்டார்கள். அவ்வளவும் ஒரு உள்ளங்கையில் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் பாயில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு பெண் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

சாபம் இல்லையென்று சொன்னால் தட்டு மாறிவிடும். அமுதம் கையைத் தூக்கவே இல்லை.

கற்பூரம் எரிந்தது. வெற்றிலை கருகியது. கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது தானாகவே எரிந்து அணைந்தது.

"அமுதம்!" என்று பல்லைக் கடித்தார் குமரவேல்.

"ஆமா" என்றாள் அமுதம், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "சாபம் வுட்டது நான்தான்."

யாரோ "ஐயையோ" என்றார்கள்.

"இந்தப் பொண்ணு தன் வாயால சரின்னு சொல்லாம எவன் இவ கழுத்துல தாலி கட்றானோ, அவன் வூட்டுல ஒருத்தரும் கண்ண மூடித் தூங்க முடியாது. அதான் என் வாக்கு. பலிக்குமா பலிக்காதான்னு என்னக் கேக்காதீங்க, எங்க அண்ணனக் கேளுங்க. கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என் வாக்காலதான. போர் வத்தனது என் வாக்காலதான. கரும்பு சாஞ்சது? ஊரு பூரா சொன்னியேண்ணா, இப்ப இல்லைன்னு சொல்லு பாக்கலாம்!"

குமரவேல் வாயைத் திறந்தார். இல்லையென்றால் இருபது வருஷமாகத் தான் சொன்னது பொய். ஆமாம் என்றால் நிச்சயதார்த்தம் போச்சு. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா, சாபத்தை நம்பாதவள், எழுந்து நின்றுவிட்டாள். தட்டைத் தொடவில்லை. பாயை நோக்கிக் குனிந்து, பயந்துபோன குரலில் கேட்டாள்.

"நீ சொல்லும்மா. ஒனக்கு சம்மதமா?"

இத்தனை நாளில் அவளிடம் யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. வெண்ணிலா கண்ணைத் திறந்தாள்.

"வேணாங்க" என்றாள். தெளிவாக, மரியாதையாக.

அப்புறம் அந்தக் கூடத்தில் எழுந்த கூச்சலை எழுத இந்த இதழ் போதாது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "பையன்கிட்ட பேசிட்டு சொல்றோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே காருக்குப் போனார். முறிந்தது என்று அவர் சொல்லவில்லை. குமரவேல் நாளைக்கே பாஸ்போர்ட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது பேசி முடிக்கிறேன் என்று கத்தினார். தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, நான் மனுஷனா இருக்க மாட்டன்!"

"மிதிச்ச மண்ண ஒரு சாக்கு வண்டில வெச்சிருக்கன். எறக்கிட்டுப் போறன், பத்தரமா வெச்சி சுத்திப் போடு" என்றாள் அமுதம்.

சொன்னபடியே சாக்கைப் பந்தக்காலுக்குப் பக்கத்தில் இறக்கினாள். சாம்பாரை வேறு பாத்திரங்களில் மாற்றிக்கொடுத்த சமையல்காரர், அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்ற உதவினார். அடுப்படி வரைக்கும் வந்த மஞ்சுளா, வண்டிப் பக்கம் வரவே இல்லை. முதல் பந்தியிலும் அமுதம் உட்காரவில்லை. பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து நன்றாக அழுதாள். பிறந்த வீட்டுச் சாம்பார் வாசனை புடவையில் இருந்தது. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஒதியம்பட்டு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. தேய்ப்பதற்காக அண்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசிச் சின்ன அண்டாவுக்குள் ஏதோ உருண்டது. மஞ்சள் துணி. காலையில் இதே வாசலில் மஞ்சுளா மடித்து இடுப்பில் செருகிய துணி. இரட்டை முடிச்சு போட்டிருந்தது.

அவிழ்த்தாள். மண் இல்லை. மஞ்சள் தடவிய பாஸ்போர்ட் இருந்தது.

அமுதம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டிப்போட்ட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொம்பைக் கிணற்றில் எறியாமல் வைத்திருந்தது யார் என்று இப்போது கேட்க வேண்டியதில்லை. இந்த ராஜா கதையில் ராணி ஒருத்தி இருப்பதையே அவள் இத்தனை நாளும் மறந்துபோயிருந்தாள்.

போன் அடித்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனின் நம்பர்.

அவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று தெரியும். எதைத் தேடுகிறார் என்றும் தெரியும். கடைசியில் யார் மேல் பழி விழும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். இந்தத் தடவை அது பொய்ப் பழியாக இருக்காது.

பாஸ்போர்ட்டைப் பட்டுப் புடவையின் இடுப்பில் செருகிக்கொண்டு, அமுதம் போனை எடுத்தாள்.

"சொல்லுண்ணா. இன்னா காணோம்?"